கரகரக்காத ரேடியோ

இதில் எதையும் நான் கண்ணால் காணவில்லை. எங்கள் ஊர் நூஹு காக்காவே தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னது. தான் தோற்ற கதையை எவரும் கூட்டிச் சொல்லமாட்டார் என்று நம்பி எழுதுகிறேன்.

எண்பத்திரண்டில் அவர் சவூதியிலிருந்து ஒரு பிளாஸ்மா கட்டரோடு கல்முனைக்கு வந்தார். மெயின் வீதியில் பட்டறை போட்டார். குடியிருந்தது, நம் வழக்கப்படி, மனைவி றுகையாவின் சீதன வீட்டில். அது கடற்கரைப் பக்கம். கடல் இரைச்சலில் பட்டறைச் சத்தம் அங்கே கேட்காது. ஆனால் றுகையாவின் பற்றரி ரேடியோ மட்டும் அடிக்கடி கரகரத்தது.

"மச்சான், செய்தி கேக்க ஏலாமக் கிடக்கு. என்னண்டு பாருங்க."

"அது என்ட மிஷின் புள்ள. லைன் கரண்ட் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுற கரண்ட். ட்ரான்ஸ்போமர் அதை வேண்டிய அளவுக்கு மாத்தும். டயோட்டுகள் ஒரே பக்கமாத் திருப்பி விடும்."

"வாய்க்கால் கதவு மாதிரி?"

"ஓம். ஆனா சும்மா காத்தைக் கரண்ட் தாண்டாது. அதுக்கு ஒரு கெப்பாசிட்டர் நிரம்பி நிரம்பிக் கொட்டும். ஆயிரக்கணக்கான வோல்ட்டுல பொறி பாஞ்சு காத்துக்குள்ள பாதை திறக்கும். அந்தப் பாதையால பெரிய கரண்ட் போய்க் காத்தையே நெருப்பாக்கி இரும்பை வெட்டும். முதல்ல பாயிற பொறிதான் உன்ட ரேடியோவுல கரகரக்குது."

"அப்ப நீங்க வெட்டத் தொடங்குற ஒவ்வொரு தரமும் கரகரக்கும்?"

"ஒவ்வொரு தரமும்!" என்றார் காக்கா, பெருமையாக.

அடுத்த கிழமை மாமனார் மீராசாஹிபுவின் ட்ரக்டருக்குச் சேற்றில் உழ இரும்புச் சக்கரம் செய்யவேண்டி வந்தது. சவளக்கடை வயலுக்குத் தண்ணீர் திறந்தாயிற்று. வெள்ளிக்கிழமை உழாவிட்டால் தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும், அந்தப் போகமும் போய்விடும். வியாழன் பின்னேரம் தகடு வெட்டுவதாகக் காக்கா வாக்குக் கொடுத்தார். அதே பின்னேரம் சாய்ந்தமருதில் பந்து விளையாட்டு. காக்கா எங்கே போனார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

திரும்பும் வழியில் பட்டறைக்குள் நுழைந்து கையில் கரி பூசிக்கொண்டார்.

"பாவம், களைச்சுப் போனீங்க. வாப்பாட சக்கரம் என்ன மாதிரி?"

"தகடெல்லாம் வெட்டியாச்சு. காலைல ஒட்டினாச் சரி."

"எத்தனை தகடு?"

"இருபத்து நாலு."

"அல்லாவே! இருபத்து நாலு தரம் பொறி பாஞ்சிரிக்குமே! நான் பின்னேரம் முழுக்க ரேடியோவுக்குப் பக்கத்துலதான் பாய் இழைச்சேன். ஒரு கரகரப்பும் இல்லையே மச்சான்?"

காக்கா ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ காக்காவைப் பார்த்தது.

"இண்டைக்கு மிஷினுக்குப் புதுசா ஒரு பில்டர் போட்டேன்."

"அப்ப இந்தா, இப்ப போய் ஒண்டு வெட்டுங்க. நான் இதுலயே இருந்து கேக்கன்."

"பந்துல மூண்டுக்கு ரெண்டு. நம்மட ஆக்கள்தான் வெண்ட" என்று ஒப்புக்கொண்டு காக்கா பட்டறைக்கு ஓடினார். வெள்ளி காலை சக்கரம் சவளக்கடை போய்ச் சேர்ந்தது.

கேட்டதைச் சரிபார்க்காமல் எழுதக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் படிப்பித்திருந்தார்கள். ஆகவே மீராசாஹிபுவிடமும் விசாரித்தேன்.

"ஓம் தம்பி, சக்கரம் நேரத்துக்கு வந்த. அந்தக் கிழமை நான் ராவையில தண்ணிக் காவல். டோச் லைட்டுக்குப் பற்றரி இல்லாம நிண்டன். புதன்கிழமை மகள்தான் ரேடியோவுல கிடந்த நாலையும் கழட்டித் தந்தவள்."