ஈரநூலார் தைத்த டேரா

நெய்வேலியில் அந்த நாளில் மண் வெட்டியவர்கள் உண்டு, மெஷின் ஓட்டியவர்கள் உண்டு, வெளிநாட்டிலிருந்து வந்து தொப்பி போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தவர்களும் உண்டு. ஆனால் தையல் நூலைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று சொன்னவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் நான் குடியிருந்தேன். பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, நிலக்கரி மைன்ஸில் எல்லாருக்கும் அவர் ஈரநூலார்.

பிள்ளைகளே, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவருக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை.

விஷயம் இதுதான். அவர் கான்ட்ராக்ட் ஆள். பெர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ். அதுவரைக்கும் குடும்பத்தோடு இருக்க நினைத்தவர்கள் மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டுப் பக்கம் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டார்கள். ஈரநூலாரும் போட்டார். மனைவியும் கைக்குழந்தையும் வந்த கொஞ்ச நாளிலேயே கூரையிலிருந்து ஒரு பாம்பு தூளியின் மேல் விழுந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அம்மா அன்றைக்கே திருவதிகையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஓலைக் கூரைக்குக் கீழே இனிமேல் படுக்க மாட்டேன் என்பது அவர் பேச்சு. நம் ஈரநூலார் குடிசையைக் காலி செய்துவிட்டு எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் ஒரு முடிவு எடுத்தார். கித்தான் துணியில் கூடாரம்போல் ஒரு டேரா தைப்பது. அடித்துணியும் சுவரும் கூரையும் ஒன்றாக இருக்க வேண்டும். பாம்பு நுழைய ஒரு விரற்கடை இடம்கூட இருக்கக் கூடாது.

கடலூர் பழைய டவுனில் படகுப் பாய்க்கு விற்கும் கித்தானை வாங்கினார். பண்ருட்டி தையற்காரர் ஒருவரிடம் கையால் சுற்றும் பழைய மெஷினையும் வாங்கினார். இரண்டும் ஒரே வாரத்தில் முடிந்தன. ஊசியும் நூலும் வாங்கத்தான் மாதக்கணக்கில் ஆயிற்று.

பதினாறாம் நம்பர் ஊசி கித்தானில் இறங்கியதும் ஒடிந்தது. இருபத்தொன்று ஒடியவில்லை, ஆனால் அது போட்ட துளையில் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் வந்தால் மழையும் வரும் என்று சொல்லிவிட்டு அவர் சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பதினெட்டில் மனசு நின்றது. அதிலும் ஒவ்வொரு ஊசியாக வெயிலில் தூக்கிப் பிடித்து, பெண் பார்ப்பதுபோல் பார்த்துத்தான் எடுப்பார்.

நூல் இன்னும் மோசம். கடைக்கு ஒரு கிண்ணமும் தண்ணீரும் கொண்டுபோவார். முழம் நூலை வெட்டி ஊறப்போட்டுவிட்டுக் காத்திருப்பார். குறிஞ்சிப்பாடி கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்க, துணி தைக்கப் போறீங்களா, இல்ல புளிக்கொழம்பு வெக்கப் போறீங்களா?”

அந்தச் சமயம் மீனவர்கள் நைலான் நூலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அதையே வாங்கச் சொன்னார்கள். அவருக்கு அங்கேதான் குழப்பம். “நைலான் மக்காது, ஆனா ஊறாது. பருத்தி ஊறி உப்பிக்கினு ஊசி போட்ட ஓட்டைய அடைச்சுக்கும், ஆனா மக்கிப்பூடும். நான் எதைப்பா நம்புறது?” என்று என்னைக் கேட்டார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். என்ன சொல்வேன்?

பிறகு அறைக்குள் பரிசோதனை தொடங்கியது. ஈரநூலில் செங்கல்லைக் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்து, செங்கல் ரசச் சட்டியில் விழுந்தது. எங்களோடு இருந்த திருநெல்வேலிக்காரர் முகமெல்லாம் ரசம். அவர் மெதுவாகத் துடைத்துக்கொண்டு, “வே, உம்ம பொண்டாட்டி இன்னும் வராத காரணம் பாம்பு இல்ல வே” என்றார். ஈரநூலார் காதில் அது விழவில்லை. அறுந்த நுனியைப் பார்த்துவிட்டு, பருத்தி நூலுக்குத் தேன்மெழுகு தடவினால் சரியாகும் என்றார்.

அந்த நேரத்தில்தான் அவருடைய மச்சான் திருவதிகையிலிருந்து வந்து செய்தி சொன்னான். வெள்ளிக்கிழமை அக்கா நேரில் வருகிறாள். இருக்க இடம் இருந்தால் இருப்பாள். இல்லாவிட்டால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அதற்குப் பிறகு கூப்பிட வேண்டாம். ஈரநூலார் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து ஷிப்ட் போக மிச்ச நேரமெல்லாம் மெஷின் ஓடியது.

வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து நானும் திருநெல்வேலிக்காரரும் மண்மேட்டுக்குப் போனோம். நடுவில் மூங்கில் நிறுத்தி டேரா கம்பீரமாக நின்றது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம். அப்புறம் சத்தம் நின்றது.

“அண்ணே, வெளிய வாங்க. பஸ் வர்ற நேரம்” என்றேன்.

உள்ளே துணியைச் சுற்றிலும் தடவும் சத்தம் கேட்டது. பிறகு, “வழி இல்லப்பா” என்று குரல் வந்தது.

சுற்றி வந்து பார்த்தோம். உண்மைதான். பாம்புக்கு இடம் விடக் கூடாது என்ற நினைப்பிலேயே உள்ளே உட்கார்ந்து எல்லாப் பக்கமும் தைத்துக்கொண்டு வந்தவர், வாசலையும் சேர்த்துத் தைத்துவிட்டார். கத்தரிக்கோல் உள்ளேதான் இருந்தது. வெட்ட மனசு வரவில்லை. எங்கே வெட்டினாலும் அது ஓட்டைதானே என்றார். கடைசித் தையலைப் பிரிக்கச் சொன்னோம். அதுதான் ரொம்ப நல்லா வந்திருக்கு என்றார்.

அதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார். இடுப்பில் குழந்தை. பின்னால் தலையில் பெட்டியோடு தம்பி. அவன் விஷயம் தெரிந்ததும், “பாத்தியாக்கா, மாமா தன்னத்தானே மூட்ட கட்டிக்கினாரு. வா, பஸ்ஸு இன்னும் நிக்குது” என்றான்.

அந்த அம்மா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு டேராவைச் சுற்றி நடந்தார். தையல் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். சுவரும் தரையும் சேரும் இடத்தில் குனிந்து தடவிப் பார்த்தார். பக்கத்துக் குடிசையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி, தையல் மேலேயே ஊற்றினார்.

“உள்ள ஒழுவுதாங்க?”

“ஒரு சொட்டு இல்ல.”

“பாம்பு வராதே?”

“நானே வெளிய வர முடியல. அது எப்பிடி உள்ள வரும்?”

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். அந்த அம்மா சிரிக்கவில்லை. கிழக்குப் பக்கம் போய் நின்று, உள்ளங்கையால் தட்டினார். “வாசல் இங்க இருக்கட்டும். வெட்டுங்க” என்றார். தம்பி பக்கம் திரும்பி, “பொட்டிய எறக்குடா” என்றார்.

கத்தரிக்கோல் முனை வெளியே வந்தது. பின்னால் ஈரநூலாரின் முகம் வந்தது. வேர்த்து, உடம்பெல்லாம் நூல் துணுக்கு ஒட்டி, தையல் எப்படி என்று கேட்கிற முகம்.

அந்த ஐப்பசி மழையில் டேரா ஒழுகவே இல்லை என்று மைன்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாசலுக்காக வெட்டிய ஓரத்தில் மட்டும் ஒழுகியது. அந்த அம்மா அங்கே ஒரு பாத்திரம் வைத்திருந்தார். அவர்கள் டேராவுக்குச் சாப்பிடப் போனபோதெல்லாம் நாங்கள் அதைப் பார்த்தோம். ஈரநூலார் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு முன்னால் அந்த அம்மா தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, ஈரம் தெரியாதபடி அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்வார். திருநெல்வேலிக்காரர்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.