அத்தான் வளர்த்த உறக்கச் செடி

கிர்ர்ர்... டக்.

அடுக்களைக் கதவின் தாழ்ப்பாளை யாரோ பைய இழுக்கிறார்கள். மணி பத்தரை. பக்கத்தில் என் ஆறு மாதப் பிள்ளை ஜாஸ்மி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். உறங்குகிறவளைக் கள்ளன் ஒன்றும் செய்யமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

காலடி கேட்டது. உள்ளே வரவில்லை, வெளியே போனது!

அத்தானை எழுப்பக் கையை நீட்டினேன். தலையணைதான் அகப்பட்டது. கர்த்தாவே, கள்ளன் என் புருஷனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானே!

எழுந்து தாழ்ப்பாள் போடத் தைரியமில்லை. திறந்த கதவு காற்றில் ஆடும் சத்தத்தைக் கேட்டபடி, பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு மணிக்குக் 'கள்ளன்' வந்து என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டான். விடிந்ததும் கேட்டேன்.

"ராத்திரி எங்க போனிய அத்தான்?"

"நானா? கட்டில விட்டு அனங்கவே இல்ல. நீ சொப்பனம் கண்டிருப்ப. இன்னைக்கு டீயில ரெண்டு இலை கூட்டிப் போடுதேன்."

அந்த டீ! டெனிஷ் அத்தான் துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த விதை. லெமன் பாம். பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி, பின்பக்கம் பலாமர நிழலில் வளர்த்தார். பார்த்தால் புதினா, முகர்ந்தால் எலுமிச்சை. நுனியைக் கிள்ளக் கிள்ளப் புதராகிறது. பத்து இலையில் வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்து, தேன் விட்டுத் தருவார்.

"குடி மக்கா, நல்லாட்டு உறக்கம் வரும்."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அடுப்புப் பக்கம் வராத மனுஷன்! அந்த அன்புதான் என்னைப் பயமுறுத்தியது. பால் கொடுக்கிறவள் வேறு. தெரிந்த நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். "டாக்டர்ட்ட கேக்காம எந்த இலையும் குடிக்காத." அன்றிலிருந்து டீ சிங்குக்குப் போனது. பிள்ளை வளர்க்கும் அலுப்பில் நானாகவே உறங்கிவிடுவேன். அத்தான் செடிக்கு நன்றி சொல்லிக்கொள்வார்.

பக்கத்து வீட்டுப் பூங்கனி அக்கா, மீன் கழுவிய கையில் தேய்க்க நாலு இலை கேட்டு வந்தாள்.

"ஏட்டி ஷைஜா, நீ எட்டு மணிக்கே உறங்கிருவியாமே?"

"யாரு சொன்னா?"

"ஒனக்க மாப்பிள்ளதான். கிளப்புல ராத்திரி ஃபுட்பால் பாக்கும்போ எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னாராம். 'ஒரு கப் டீ, நமக்கு விடுதலை'ன்னு."

அப்படியானால் நானும் பிள்ளையும் தினமும் திறந்த வீட்டிலா கிடந்தோம்?

அன்று ராத்திரி அத்தான் போனதும் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூச்சுப் பிடித்துப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

ஒரு மணி. டொக் டொக்.

"ஏட்டி, தெற."

"யா... யாரு?"

"நாந்தான், டெனிஷ்."

"எங்க அத்தான் கட்டில விட்டு அனங்கமாட்டாரு. நீங்க யாரு?"

"பைய பேசு மக்கா!"

அத்தான் குரலில் கள்ளன் பேசினால் என்ன செய்வேன்? நிஜமாகவே நடுங்கிவிட்டேன்.

"கள்ளன்! கள்ளன்!"

"கத்தாதட்டி! நாந்தான்! ஃபுட்பாலுக்குப் போனேன், டெய்லி போனேன்! கதவத் தெறந்து போட்டது தப்புதான்!"

பூங்கனி அக்கா வீட்டில் லைட் எரிந்தது. அப்போது வாளிகளுக்கிடையில் ஏதோ சரசரத்தது.

"ஷைஜா... இஞ்ச என்னமோ நிக்குது..."

என் குரலைவிட மெலிந்த குரல். திறந்தேன். அம்பாகப் பாய்ந்து வந்தார். மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள் இரண்டையும் அவரே போட்டார்.

"ஏட்டி, இந்தக் கதவுக்கு வேற தாழ்ப்பாள் ஒண்ணும் கெடையாதா?"