கட்டத்துக்குள் ஒரு கையெழுத்து

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித குலம் கண்ட மூன்றாவது மகத்தான சாதனை, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் எங்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட படிவம் எண் பதினேழுதான். அதைச் சரிபார்க்கும் பாக்கியம் பெற்றவன் அடியேன்.

ஆப்பிள் தோலில் ஃபிளவனாய்டு என்றொரு சரக்கு இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் வரும் கை நடுக்கத்தை அது தணிக்குமா என்று ஒன்பது வருடமாக எலிகளிடம் விசாரித்து வந்தோம். எலிகள் பரம திருப்தி. மனிதர்கள்தான் பாக்கி. 'வரலாற்றுச் சிறப்புமிக்க' முதல் சோதனைக்கு இருபது நோயாளிகள் தேவை, காலைத் தேநீரும் கேக்கும் உண்டு என்று இயக்குநர் ஃபிலிப்பா அறிவித்தார்.

முதலில் வந்தவர் ஆப்பிள் தோட்டக்காரர் மெர்வ். எங்கள் மாத்திரைக்கு வேண்டிய தோல் முழுக்க அவர் தோட்டத்துப் பழத்தில் உரித்ததுதான். நாலு வருடமாக அவருடைய வலது கை ஓயாமல் ஆடுகிறது.

"என் டீயை நானே குடிக்கணும், அவ்வளவுதான். இவ கோப்பையப் பிடிச்சா பாதிய என் சட்டை குடிக்குது" என்றார்.

"நான் பிடிக்காட்டி முழுசையும் சட்டைதான் குடிக்கும்" என்றார் மனைவி நொய்லீன்.

சோதனையில் சேரச் சம்மதம் தெரிவிக்கும் படிவம் எண் பதினேழை நீட்டினேன். விதி எளிமையானது: கையெழுத்து கட்டத்துக்குள் இருக்க வேண்டும், கோட்டைத் தொடக்கூடாது. மெர்வின் கையெழுத்து கட்டத்தில் கிளம்பி, முகவரியைக் கடந்து, என் மேசைமேல் போய் இளைப்பாறியது.

"செல்லாது" என்றேன் கனிவோடு.

"கை நடுங்குதுன்னுதானே, மேட், வந்திருக்கேன்!" இந்த ஊரில் 'மேட்' என்றால் நண்பன்.

"புரியுது மெர்வ். நடுங்காமப் போட்டீங்கன்னா உடனே சேத்துக்கலாம்."

"நடுங்காமப் போட முடிஞ்சா உங்கிட்ட நான் ஏன்யா வரேன்?"

பத்துப் படிவம் வீணாயிற்று. பதினொன்றாவதுக்கு நொய்லீன் அவர் தோளை அமுக்கிப் பிடிக்க, மெர்வ் தன் தொப்பியைப் பல்லால் கடித்துக்கொண்டு மூச்சடக்கிப் போட்டார். ஒரே ஒரு எழுத்தின் வால் கோட்டைத் தொட்டது. பூதக்கண்ணாடியால் கண்டுபிடித்தேன். எனக்கே என் மீது மரியாதை வந்தது.

ஆனாலும் மனசு கேட்காமல் ஃபிலிப்பாவிடம் போனேன்.

"விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமா?"

"தாராளமா. குழு கூடி முடிவெடுக்கணும். அடுத்த கூட்டம் நவம்பர்ல."

"சோதனை?"

"அக்டோபர்லயே முடிஞ்சிரும்."

அதற்குள் கேக் வாசனை பிடித்து புல்தரையில் பந்துருட்டி விளையாடும் உள்ளூர் கிளப் மொத்தமாக வந்துவிட்டது. இருபது பேர். எல்லாம் இரும்புக் கை. கையெழுத்து ஒவ்வொன்றும் கட்டத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்தது. 'நோய் உண்டா?' என்ற கேள்விக்கு எல்லோரும் 'உண்டு' என்று அழகாக டிக் அடித்திருந்தார்கள். அதைச் சரிபார்க்க விதி இல்லை.

அக்டோபரில் வெற்றி விழா.

"இருபது பேர்ல ஒருத்தருக்குக்கூட இப்ப கை நடுங்கல! நூத்துக்கு நூறு!" என்று முழங்கினார் ஃபிலிப்பா. கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது.

ஆப்பிள் தோல் நிரம்பிய பெட்டிகளை இறக்க வந்த மெர்வ் வாசலில் நின்றபடி கேட்டார்: "முன்னாடி யாருக்காச்சும் நடுங்கிச்சா?"

அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. நான் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தேன். மரியாதைக்காக விளிம்புவரை நிரப்பித்தான் கொடுத்தேன். முழுசையும் சட்டை குடித்தது.

"பரவால்ல மேட், சூடு அதிகமில்ல" என்றார் அவர்.

பிறகு வெற்றி அறிக்கையை என் முன் வைத்தார்கள். படிவங்களைச் சரிபார்த்தவன் என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும். பேனாவை எடுத்தேன். கை நடுங்கியது. எழுத்து கட்டத்தைத் தாண்டி எங்கெங்கோ ஓடியது.

என் கையெழுத்தைப் பார்க்க மட்டும் யாரும் பூதக்கண்ணாடி கேட்கவில்லை.