பொறி அண்ணையும் ஒரு பிடி பஞ்சும்

கனடாவில், ஸ்காபரோ முழுவதிலும் நெருப்புப்பெட்டியையும் லைட்டரையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் பொறி அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் கொம்பனிக் கொம்பியூட்டருக்கு மட்டும் தெரியும்.

சாமான்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் ஒரு கொம்பனியில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வேலை செய்தோம். முதல் நாள் அவர் கழுத்தில், கறுப்பு நூலில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி தொங்கியது. தாயத்து என்று நினைத்தேன்.

"எந்தக் கோயில் நூல் அண்ணை?"

"கோயில் நூல் இல்லைப் பிள்ளை. மூவாயிரம் டிகிரி!"

சொன்ன கையோடு ஒரு சின்ன இரும்புத் தகட்டை எடுத்துக் குச்சியில் சர்ரென்று இழுத்தார். என் மூக்குக்கு முன்னால் மத்தாப்பு வெடித்தது. குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி முழுக்க மேசையில்.

"லைட்டர் குளிருக்குள்ள காலை வாரிவிடும். இது நனைஞ்சாலும் பொறி கக்கும்" என்றார், ஒன்றும் நடக்காதவர் போல.

அடுத்த அதிர்ச்சி யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக். மெழுகுதிரி கொளுத்த ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. "விடுங்கோ, விடுங்கோ" என்று வந்தவர் இழுத்த இழுப்பில் திரி பற்றவில்லை. கேக்குக்குக் கீழே விரித்திருந்த கடதாசி பற்றியது. அலாரம் அலறியது. ஜக்கெற் இல்லாமல் நாற்பது பேர் பனிக்குள் நின்று நடுங்கினோம்.

"உங்களுக்கு விசரே அண்ணை?" என்று சுப்பர்வைசர் கத்தினார்.

"பத்தினதோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ!"

ஒரு கலியாண வீட்டில் ஐயரின் லைட்டர் மக்கர் பண்ணியபோது இந்த மனிதர் மணவறையிலேயே ஏறிவிட்டார். மூன்று இழுப்பில் கற்பூரம் பற்றியது. மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் ஒளிந்தார். "இதுக்கு மந்திரம் இல்லையே!" என்றார் ஐயர்.

இப்படிப்பட்டவரை நம்பி மே மாதம் கூடாரம் அடிக்கப் போனோம். வேலையிடத்து ஆண்கள் நான்கு பேர், பொறி அண்ணை, நான், என் கணவர். வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம். கார்களை விட்டுவிட்டு, இரண்டு படகுகளில் ஏரி நடுவே இருந்த தீவுக்குத் துடுப்புப் போட்டோம். கரையேற இன்னும் கொஞ்சத் தூரம்தான். அந்த நேரம் பார்த்து, சாமான்களோடு என் கணவரும் இன்னொருவரும் வந்த படகு கவிழ்ந்தது. மற்றவர் பிரண்ட படகைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார். என் கணவரைத்தான் இழுத்தெடுக்க நேரமாயிற்று. பனிக்கட்டி உருகி இரண்டு கிழமைகூட ஆகாத தண்ணீர். மாற்றுடுப்பு, கூடாரம், நெருப்புப்பெட்டி எல்லாம் அந்தப் படகிலிருந்து கொட்டித் தண்ணீருக்குள். காற்று எழும்பியதால் திரும்பிப் போகவும் வழியில்லை. போனில் சிக்னல் இல்லை.

ஈர உடுப்பைக் கழற்றி, நனையாத நாங்கள் ஆளுக்கொரு ஜக்கெற்றாக என் கணவரைச் சுற்றினோம். உதடு நீலம். பல் தந்தியடித்தது. எனக்கு அழக்கூட வரவில்லை.

பொறி அண்ணை புல்லில் இழுத்தார், சருகில் இழுத்தார். பொறி கொட்டியது, ஈரத்தில் விழுந்து செத்தது. அவருடைய முகம் அப்படி வெளிறியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"காஞ்ச பஞ்சு மாதிரி ஏதாவது வேணும்" என்று சுற்றிப் பார்த்தவரின் கண், நனையாமல் என் தோளில் தொங்கிய கைப்பையில் நின்றது. கிட்ட வந்து மெதுவாக ஏதோ கேட்டார். காற்றில் கேட்கவில்லை. பிறகு ஏரிக்கே கேட்கும்படி கத்தினார்.

"பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ! பொம்பிளையள் வச்சிருக்கிற நாப்கின் இருக்கோ?"

ஆண்கள் நால்வரும் ஒரே நேரத்தில் வானத்தை ஆராயத் தொடங்கினார்கள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அந்தச் சொல்லை ஒரு ஆம்பிளை வாயால் கேட்டதே அதுதான் முதல்தரம்.

"கு... குடு!" என்றார் என் கணவர், பற்களுக்கு நடுவிலிருந்து.

கொடுத்தேன். பிய்த்து, பஞ்சைப் பூவாக உதிர்த்து, என் உதட்டுக் களிம்பை அதில் பூசினார். விழுந்து கிடந்த பேர்ச் மரத்தின், ஈரத்திலும் எரியும் பட்டையைக் கீழே வைத்தார். தகட்டை அசையாமல் பஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு குச்சியைப் பின்னால் வெடுக்கென்று இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் பஞ்சு பற்றி, பட்டை சடசடத்தது. மரத்திலேயே காய்ந்து நின்ற சுள்ளிகளை முறித்து ஒவ்வொன்றாக ஊட்டினார்.

அரை மணித்தியாலத்தில் என் கணவர், "கொஞ்சம் தள்ளி எரியுங்கோ, முழங்கால் சுடுது" என்றார். அந்த முறைப்பாட்டைப் போல இனிமையான பேச்சை அவர் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை.

பொறி அண்ணையைத் தேடினேன். ஒரு கல்லில் எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார். இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின.

"என்னண்ணை?"

"பன்னெண்டு வருசமா இதைக் கழுத்தில கொழுவிக்கொண்டு திரியிறன் பிள்ளை. ஒரு உயிருக்குத் தேவைப்பட்டது இண்டைக்குத்தான்... பத்தாமல் போயிருந்தால்?"

பக்கத்தில் குந்தி அந்தக் கரி படிந்த கைகளை என் கைகளுக்குள் பொத்திக்கொண்டேன், நடுக்கம் நிற்கும் வரைக்கும்.