சிஆர்பி ஒம்பது

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். தென்காசிக்குப் போயி ரத்தம் குடுத்துட்டு, ரிப்போர்ட்ட வாங்கிட்டு, மேலகரம் திரும்பி வந்து கடையத் தொறக்கணும். ஃபேன், மோட்டார் ரிப்பேர் பாக்குத கடை.

அதுக்கு முந்தி ஒரு வாரம் நெஞ்சுச்சளி, காய்ச்சல். டாக்டரு சிஆர்பின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. ஒண்ணு புள்ளி எட்டுன்னு வந்துச்சு.

"உடம்புல எங்கயோ அழற்சி இருக்குன்னு காட்டுது. அஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டுட்டு மறுபடி எடுத்துட்டு வாங்க"ன்னாரு.

சாப்பிட்டேன். காய்ச்சலும் விட்டுட்டு. மறுபடி எடுக்கப் போனா, பழைய லேப்ல ஒரே கூட்டம். எனக்கும் வரிசைக்கும் ஆகாது. எதிர்த்தாப்புல இன்னொரு லேப் காலியாக் கெடந்துச்சு. அங்கன போயி கைய நீட்டிட்டேன்.

பன்னெண்டு மணிக்கு ரிப்போர்ட் வந்துச்சு. ஒம்பது. பக்கத்துல தடிமனா ஒரு 'எச்'.

"எச்சுன்னா என்னம்மா?"ன்னு லேப் பொண்ணுகிட்ட கேட்டேன்.

"ஹை சார். கூட இருக்குன்னு அர்த்தம்."

"ரொம்பக் கூடவா?"

"டாக்டர்ட்ட காட்டுங்க சார்."

அந்தக் குரல்ல ஒரு இரக்கம் இருந்த மாதிரி எனக்குத் தோணிச்சு. அந்தப் பிள்ள எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசும்போல.

ஒண்ணே முக்கா சொச்சத்துல இருந்து ஒம்பது. அஞ்சு மடங்கு. மாத்திரை சாப்பிட்டதுக்கப்புறம்!

டாக்டரு சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வருவாரு. சும்மா இருந்திருக்கலாம். போன எடுத்துத் தேடினேன். பல்லுல ஆரம்பிச்சு, மூட்டு, குடல், இதயம்னு போயி, வாயில நுழையாத பேருல வந்து நின்னுச்சு. முக்காவாசிக்கு அறிகுறி அசதி. படிக்கப் படிக்க எனக்கு அசதியா வந்துச்சு.

கடையத் தொறக்கல. நேரா வீட்டுக்குப் போயிட்டேன். என் பொண்டாட்டி செல்வி அப்பளம் பொரிச்சிக்கிட்டிருந்தா. ரிப்போர்ட்டக் காட்டினேன். வாங்கிப் பாத்தா. முகம் வாடிட்டு. அடுப்ப அணைச்சா.

அவ அடுப்ப அணைச்சதும் என் கதை முடிஞ்சுதுன்னு முடிவு பண்ணிட்டேன். போறதுக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லிரணும்னு தோணிச்சு.

"செல்வி, உன் தங்கச்சி கடையம் ஊர்ல புது வீட்டுக்குப் பால் காய்ச்சினப்போ, அவசர வேல, மோட்டாருக்குக் காயில் சுத்தணும்னு சொல்லி நான் வரலல்லா? அன்னைக்கு நான் கூட்டாளிகளோட அஞ்சருவியில குளிச்சிக்கிட்டிருந்தேன்."

அவ தட்ட எடுத்து வச்சா. எனக்குத் தைரியம் வந்துட்டு.

"உன் மாம்பழக்கலர் பட்டுச்சேலை இருக்குல்லா? அதச் சுட்டு ஓட்ட போட்டது இஸ்திரிக் கடை அண்ணாச்சி இல்ல. அவருகிட்ட இருந்து வாங்கிட்டு வந்து, என் வேட்டி தேய்க்கும்போது, அதையும் ஒரு இழுப்பு இழுத்துருவோம்னு நான்தான் பெட்டிய வச்சேன்."

அந்த அண்ணாச்சிகிட்ட அவ தெருவுல நின்னு சண்ட போட்டிருக்கா. ரெண்டு வருசமா அவருகிட்ட துணி குடுக்குறதில்ல. ஆனா அப்ப அவ தட்டுல சோத்தப் போட்டா.

"சாப்பிடுங்க"ன்னா. ரெண்டு அப்பளம் கூட வச்சா. நான் அழுதுகிட்டே நாலு அப்பளம் சாப்பிட்டேன்.

அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் டாக்டர் முன்னால உக்காந்தோம். அவரு ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டுச் சிரிச்சாரு.

"நம்பர மட்டும் பாத்தீயளா? பழைய லேப்காரங்க டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டர்ல பத்துல ஒரு பங்குக்கு எவ்வளவுன்னு போட்டிருக்காங்க. புது லேப்காரங்க லிட்டருக்குப் போட்டிருக்காங்க. பழைய ஒண்ணு புள்ளி எட்டுன்னா புது லேப் கணக்குல பதினெட்டு. இப்ப ஒம்பது. பாதியாக் கொறைஞ்சிருக்கு."

"எச்சு போட்டிருக்கே டாக்டர்?"

"இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கு. சளி போகப் போக இறங்கிரும். இந்த டெஸ்டு அழற்சி இருக்குன்னுதான் சொல்லும். எங்கன, எதனாலன்னு சொல்லாது. அத நான் உங்களப் பாத்துத்தான் சொல்லணும். இனிமே ஒரே லேப்ல எடுங்க."

செல்வி முன்னால நகந்து உக்காந்தா. "அப்போ இவருக்கு ஒண்ணும் இல்லையா டாக்டர்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அதிர்ச்சியான விஷயம் ஏதும் கேட்டா தாங்குவாரா?"

"நல்லாத் தாங்குவாரு."

"சந்தோசம் டாக்டர்"னுட்டு எந்திரிச்சா.

வெளிய மாடிப்படியில ஆரம்பிச்சா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அஞ்சருவி. பஸ்ஸுக்குள்ள பட்டுச்சேலை. பக்கத்து சீட்டு அம்மா, இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

மேலகரத்துல இறங்கினதும் வீட்டுக்கு விடல. இஸ்திரிக் கடைக்கு என்னைத் தள்ளிட்டுப் போனா.

"அண்ணாச்சி, அந்தச் சேலையச் சுட்டது நான்தான்"னு சொன்னேன்.

அவரு கையில இருந்த சட்டைய முழுசாத் தேச்சு மடிச்சு வச்சாரு. பொறவு நிமிந்து பாத்தாரு.

"ரெண்டு வருசம் கழிச்சு இப்ப வந்து ஏன் சொல்லுதீய?"

"சிஆர்பி கொறைஞ்சிட்டு அண்ணாச்சி"ன்னேன்.

அவரு என்னை விட்டுட்டு செல்வியப் பாத்தாரு.

"நீங்க நாளைக்கே துணிய அனுப்புங்கம்மா. இவருகிட்ட மட்டும் குடுத்து விடாதீய."