டெலீட் பொத்தான் இல்லாத லேப்டாப்

"டெலீட் பொத்தான் இல்லாத மாடல் இருக்குங்களா?" என்று கேட்டார் கண்ணாயிரம்.

தேரடித் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் எத்தனையோ கேள்விகளைக் கேட்டவர்தான். இதற்கு மட்டும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அது எல்லாத்துலயும் இருக்கும் சார்."

"சின்னதா இருக்கற மாதிரி?"

"அது மேல உங்களுக்கு இன்னா சார் இவ்ளோ கோவம்?"

கோபம் இல்லை, பயம். தெரியாத்தனமாக அந்தப் பொத்தானை அமுக்கி ஓர் ஆபீஸையே அழித்துவிட்ட ஒருவரைப் பற்றி யாரோ யாரிடமோ சொன்னதை அவர் கேட்டிருந்தார். அந்த மனிதர் எந்த ஊர், என்ன பெயர் என்பது யாருக்கும் தெரியாது. இப்போது ஜெயிலில் இருக்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரியும்.

"ஷாக் அடிக்குமான்னு கேளுங்க," என்று பின்னாலிருந்து முதுகைக் குத்தினாள் மனைவி வள்ளி.

"அடிக்காதும்மா," என்றார் கடைக்காரர்.

"சூடாவுமா?"

"லேசா ஆவும்."

வள்ளி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆவுமாம்! வாங்க போலாம்."

போக முடியாது. 2007-ஆம் வருஷத்து ஆயுத பூஜை முடிந்த கையோடு, வேங்கிக்காலில் கண்ணாயிரம் சூப்பிரண்டாக இருக்கும் ஆபீஸுக்குச் சென்னையிலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. இனி மாதக் கூட்டத்துக்கு சூப்பிரண்டுகள் காகிதக் கட்டுடன் வரக்கூடாது. சொந்த லேப்டாப்பைத் திறந்து வைத்து அதைப் பார்த்துத்தான் அறிக்கை படிக்க வேண்டும்.

அதை அறிவித்தவர் அதிகாரி கஸ்தூரி மேடம். அவர் பெயரைச் சொன்னாலே அந்த ஆபீஸில் ஃபேன் மெதுவாகச் சுற்றும். எல்லாக் கூட்டத்திலும் அவர் முன்னால் ஒரு கருப்பு லேப்டாப் திறந்திருக்கும். அதைப் பார்த்தபடியே, "உங்க பாக்கி எல்லாம் இதுல இருக்கு. மறைக்காதீங்க," என்பார். சில நாள் பேச்சின் நடுவில் படாரென்று மூடிவிட்டு, "டீ குடிச்சிட்டு வாங்க," என்று எல்லோரையும் வெளியே அனுப்புவார். அப்படி மூடினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். போன மாதம் அப்பாசாமி என்கிற சூப்பிரண்டு, கையெழுத்து வாங்கும் அவசரத்தில் மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். மறுநாளே ஜமுனாமரத்தூருக்கு மாற்றல். அவருடைய பாக்கி வேலையெல்லாம் அந்த நேரம் பார்த்து லேப்டாப்பில் வந்துவிட்டது என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

ஜமுனாமரத்தூர் நல்ல ஊர்தான். ஆனால் அது ஜவ்வாது மலைமேல் இருக்கிறது. கண்ணாயிரத்துக்கோ மலைப் பேருந்தில் முதல் வளைவிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் மூட்டுவலிக்கார வள்ளியைத் தனியாக விட்டுவிட்டு, அங்கே ஓர் அறை எடுத்துச் சோறு பொங்கித் தின்பதை நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

"இருக்கறதுலயே விலை கம்மியா குடுங்க," என்றார் கடைக்காரரிடம். "வேலையும் கம்மியா செஞ்சா போதும். ஆனா கருப்பா இருக்கணும்."

வாங்கியாயிற்று. டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் எழிலரசி அறிக்கையை அடித்து அதில் ஏற்றிக் கொடுத்தாள்.

"இந்தப் படத்து மேல அம்பு வச்சு ரெண்டு தட்டு தட்டுங்க சார். தொறந்துக்கும். வேற எதையும் தொடாதீங்க."

வேறு எதையும் தொடும் எண்ணம் அவருக்குச் சத்தியமாக இல்லை. ஆனால் விரலை நம்ப முடியாதே. தவறிப்போய் அந்த டெலீட்மேல் பட்டுவிட்டால்? வீட்டுக்கு வந்ததும், வள்ளி முட்டிக்கு ஒட்டுகிற தடித்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, அந்தப் பொத்தானை மூடி அழுத்தி ஒட்டினார். பயம் போகவில்லை. அதன்மேல் இன்னொன்று ஒட்டினார்.

இறுக்கி ஒட்டியதில் பொத்தான் அமுங்கியே கிடந்தது. லேப்டாப் என்ன நினைக்கும்? இந்த மனிதர் எதையோ அழித்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் என்றுதானே நினைக்கும்? அறிக்கைப் படத்தின்மேல் அம்பை வைத்து ஒரு தட்டு தட்டியதுமே கேட்டது, 'இந்த ஃபைலை அழிக்கட்டுமா?' என்று.

கண்ணாயிரம் 'வேண்டாம்' என்று சொல்லும் கட்டத்தைத் தட்டினார். மறுபடி கேட்டது. மறுபடி வேண்டாம் என்றார். அது விடவில்லை.

"வள்ளி! வேணாம் வேணாம்னு சொல்றேன், அழிக்கட்டுமா அழிக்கட்டுமான்னு கேக்குது!"

"யாரை அழிக்கணுமாம்?"

"அது தெரியலியே!"

வள்ளி எட்ட நின்று பார்த்தாள். "இது மெஷின் கோளாறு இல்லீங்க. கண்ணு. பக்கத்து வீட்டு மணியம்மா நேத்தே கேட்டுச்சு, லேப்டாப்பாமேன்னு. அப்பவே எனக்கு வயித்தக் கலக்குச்சு."

கூட்டம் மதியம்தான். அன்று காலை வள்ளி குளித்து முழுகி, வாசலில் கற்பூரம் ஏற்றினாள். லேப்டாப்பைச் சுற்றிப் பூசணிக்காய் காட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து தரையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"புது வண்டி வாங்கினா ஏத்தி நசுக்கறதில்ல?"

"இதுக்குச் சக்கரம் இல்லியேம்மா!"

"அதுக்குத்தான் கையால அமுக்கணும்னு சொல்றேன். ஜமுனாமரத்தூர் போறீங்களா, அமுக்கறீங்களா?"

லேப்டாப்பைப் பழத்தின்மேல் வைத்து அமுக்கினார். பழம் நல்ல சாற்றுப் பழம். பீய்ச்சியடித்ததில் பாதி, லேப்டாப்பின் அடிவயிற்றில் காற்றுப் போவதற்காக விட்டிருந்த துளைகளுக்குள் போய்விட்டது. பிறகு ஸ்விட்சைப் போட்டபோது அது ஒருமுறை முனகியது. அப்புறம் அதுவும் இல்லை. மூன்று மணி நேரம் வடகத்தோடு சேர்த்து மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டுப் பார்த்தார்கள். வடகம் காய்ந்தது.

எழிலரசிக்குப் போன் போட்டார். "எலுமிச்சம் சாறா? உள்ளயா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். "நமக்கு ரிப்பேர்லாம் தெரியாது சார். அறிக்கைய வேணா பிரிண்ட் போட்டுத் தரேன்."

"காகிதம் கொண்டுபோவக் கூடாதும்மா!"

"அப்ப சாமிய கும்பிட்டுக்குங்க சார்."

போகிற வழியில் பிரிண்டை வாங்கிக்கொண்டார். ஆபீஸ் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, ஊர்ச் சாமியான மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மனிதனுக்குப் பயம் முற்றினால் மூளை தனியாக வேலை செய்யும் போலிருக்கிறது. டிபன் டப்பாவைத் திறந்து சோற்றுப் பருக்கைகளை எடுத்து நசுக்கினார். பிரிண்ட் காகிதத்தை லேப்டாப்பின் செத்த திரைமேல் ஒட்டி, சுருக்கமில்லாமல் நீவிவிட்டார். ஓரம்கூடத் தூக்கவில்லை.

கூட்டத்தில் அவர் முறை வந்தது. லேப்டாப்பைப் பாதி திறந்து, தன் பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டு படித்தார். நடுநடுவே நாலு பொத்தானைத் தட்டவும் செய்தார். அறிக்கை தடுமாறவில்லை.

மற்ற சூப்பிரண்டுகள் வாயைப் பிளந்தார்கள். அவர்களுடைய லேப்டாப்புகளில் ஒன்று திறக்கவில்லை, இன்னொன்று திறந்ததும் பாட்டுப் பாடியது.

கஸ்தூரி மேடம் தன் லேப்டாப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பரவாயில்லியே கண்ணாயிரம். எங்க, எப்படிப் பண்ணியிருக்கீங்கன்னு காட்டுங்க."

"வேணாங்க மேடம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

மேடம் எழுந்துவிட்டார். செருப்புச் சத்தம் மேஜையைச் சுற்றி வந்தது. மூடிவிடலாம் என்று கண்ணாயிரம் கையைத் தூக்கினார். கை மூடிக்குப் போவதற்குள் சத்தம் அவருக்குப் பின்னால் வந்து நின்றது.

மேடம் பார்த்தார். குனிந்து பார்த்தார். விரல் நகத்தால் காகிதத்தின் ஓரத்தைச் சுரண்டியும் பார்த்தார். கண்ணாயிரத்தின் கண்முன்னால் மலைப்பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. தூக்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடம் திரும்பி நடந்தார். தன் இடத்துக்குப் போய், தன் லேப்டாப்பைப் படாரென்று மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். "கூட்டம் முடிஞ்சிடுச்சி. எல்லாரும் போங்க. கண்ணாயிரம், நீங்க வெளிய உக்காருங்க," என்றார்.

கண்ணாயிரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்கள் துக்க வீட்டைக் கடப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவர் வள்ளியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தைலம் தேய்த்துவிட யார் வருவார்கள்? கேஸ் சிலிண்டரை யார் நகர்த்துவார்கள்?

மேடத்தின் அறைக்கதவு திறந்தது. ஆபீஸ் உதவியாளர் பரசுராமன் வெளியே வந்து, கதவை மெள்ளச் சாத்தினார்.

"மாத்தல் ஆர்டரா பரசுராமா? இன்னிக்கேவா?"

பரசுராமன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் காதருகில் குனிந்தார்.

"சார், நீங்க எத வச்சி ஒட்டினீங்கன்னு மேடம் கேட்டுனு வரச் சொன்னாங்க. அவங்களுது ஃபேன் காத்துல அடிக்கடி கழண்டுக்குதாம்."