எல்லாம் அதனதன் இடத்தில்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், வேலை செய்வதற்குத் தயாராகிக்கொண்டே இருக்கிறவர்கள் என்று மூன்றாவதாக ஓர் இனம் இருப்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? அடுக்கிகள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். நம் பிளம்பர் அந்த இனத்தின் தலைவர் என்றே சொல்லலாம்.

அவருடைய வேனின் பின்கதவைத் திறந்தால் நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஸ்பேனர்கள் உயர வாரியாக நிற்கும். வாஷர்கள் கண்ணாடிப் புட்டிகளில் பளபளக்கும். பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே பெயின்ட்டில் வரைந்து, அந்த உருவத்தின்மேல் அந்தக் கருவியைத் தொங்கவிட்டிருப்பார். துடைக்காமல் ஒரு ஸ்க்ரூடிரைவர் திரும்பி வந்தால் போச்சு. அன்று சாப்பாடு இறங்காது.

சரி, அடுக்கியாயிற்றே, அதோடு விட்டாரா? ஓர் அடுக்குமுறை மனப்பாடமாகிவிட்டால் அடுத்த அடுக்குமுறை உதயமாகிவிடும். உயரப்படி அடுக்கியது போய், சமையலறைச் சாமான் இடப்பக்கம், குளியலறைச் சாமான் வலப்பக்கம் என்று வந்தது. பிறகு அடிக்கடி எடுப்பது முன்னால், எப்போதாவது எடுப்பது பின்னால். ஒவ்வொரு விடுமுறை நாளிலும் வேனிலுள்ள சாமான் மொத்தமும் தெருவுக்கு இறங்கிவிடும். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரர், பாவம், இவர்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று நினைத்து விடைபெற வந்துவிட்டார்.

"வண்டிய ரெடி பண்றீங்களா, இல்ல அதுக்குப் பொண்ணு பார்க்க ஆள் வர்றாங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"உனக்குப் புரியாது. அவசரத்துக்கு ஒரு சாமான் தேடணும்னா அப்பதான் இதோட அருமை தெரியும்" என்றார் அவர்.

அவசரம் வந்தது.

தெருக்கோடித் தையல்காரம்மா போனில் அலறினார். சமையலறைக் குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர். ஹாலில் தரைமேல் கட்டுக்கட்டாகப் பள்ளிச் சீருடைகள். மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டியவை. மனைவியின் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிளம்பர் வேனைப் பறக்கவிட்டார். வீட்டுக்குள் ஓடிய மச்சினன் தண்ணீர் வரும் வால்வைப் பிடித்துத் திருகிப் பார்த்தான். துருப்பிடித்துக் கல்லாகியிருந்தது.

"அத்தான், பெரிய ரெஞ்ச் எடுங்க!"

பின்கதவைத் திறந்த பிளம்பர் அப்படியே நின்றார். என்ன ஆயிற்று என்றால், முந்தின நாள்தான் அடுக்கும் முறையை மாற்றியிருந்தார்.

"இரு, இரு. பழைய கணக்குப்படி பார்த்தா மேல் தட்டு. இப்ப கனமானது எல்லாம் கீழ... இல்ல, அபூர்வமா எடுக்கறது எல்லாம்..."

"அத்தான், எல்லாத்தையும் கீழ கொட்டுங்க, நான் பொறுக்கிக்கறேன்!"

கொட்டுவதா? பெற்ற பிள்ளையைத் தூக்கிப் போடச் சொன்ன மாதிரி அவர் மச்சினனைப் பார்த்தார். ஒரு டிராயரை இழுத்தார், பார்த்தார், பதமாக மூடினார். புதிதாகப் பொருத்திய பூட்டு அப்படி. ஒன்றை மூடாமல் இன்னொன்று திறக்காது. ரெஞ்சைத் தேடிக்கொண்டிருந்தவரைத் தேடித் தண்ணீரே வாசற்படி இறங்கி வந்துவிட்டது.

உள்ளே தையல்காரம்மா என்ன செய்துகொண்டிருந்தார்? சீருடைக் கட்டுகளை மச்சினனோடு சேர்ந்து வெட்டு மேஜைமேல் ஏற்றினார். பிறகு மூலையில் மலையாகக் குவிந்திருந்த வெட்டுத்துணிக்குள் கையை விட்டார். தேடக்கூட இல்லை. ஒரே இழுப்பில் ரெக்சின் துண்டும் இடுப்பு எலாஸ்டிக்கும் வெளியே வந்தன. குழாய் வெடிப்பின்மேல் ரெக்சினை வைத்து, எலாஸ்டிக்கை இறுக்கி இறுக்கிச் சுற்றினார். பீய்ச்சியடித்த தண்ணீர் சொட்டாகக் குறைந்தது. அதற்குள் மச்சினன் ஓடிப்போய், முன்சீட்டுக்கு அடியில் அத்தானுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்த தன் சாக்குப்பையிலிருந்து ஒரு பழைய ரெஞ்சை உருவிவந்து வால்வை மூடினான்.

சீருடைகள் தப்பின.

வெற்றியோடு பெரிய ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு பிளம்பர் உள்ளே வந்தபோது மச்சினன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் அந்தத் துணி மலையையே பார்த்தார். பொத்தானும் நூலும் ஜிப்பும் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டுகொண்டிருந்தன.

"இதுக்குள்ள எலாஸ்டிக் இருந்தது உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அது எப்பவும் அங்கதானே கிடக்கும்" என்றார் தையல்காரம்மா.

கிடக்கும்! பிளம்பரின் அகராதியில் சாமான்கள் வைக்கப்படும், கிடப்பதில்லை. குழாயை மாற்றும் வேலையை மச்சினனிடம் விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். ஈரமான செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே ஏதோ நிஜமாகவே உறுத்தியது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அந்த அம்மாவின் உழைப்பெல்லாம் தண்ணீரில் போயிருக்கும். அதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

அதன்பிறகு பல நாட்கள் வேனின் பின்பக்கம் அவர் போகவே இல்லை. கருவிகள் போட்டது போட்டபடி இருந்தன. விடுமுறையன்றுகூட அவர் வீட்டுக்குள்ளேயே இருந்ததைக் கண்டு மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு ஒரு நாள் காலையில் வேன் சாமான்கள் மறுபடியும் தெருவுக்கு இறங்கின. மனைவி எட்டிப் பார்த்தாள். நடுவே ஒரு பெரிய தகரப் பெட்டி. அதில் அழகான எழுத்தில் 'சும்மா கிடப்பவை' என்று எழுதியிருந்தது.

"திருந்திட்டீங்களா?" என்றாள் ஆச்சரியத்தோடு.

"பின்னே? இனிமே எல்லாம் இதுக்குள்ள கிடக்கும்" என்றவர், தடுப்பு வைப்பதற்காகப் பெட்டியின் உட்புறத்தை அளக்கத் தொடங்கினார். பெரிதாகக் கிடப்பவை ஒரு பக்கம், சிறிதாகக் கிடப்பவை ஒரு பக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கடிதம் எழுத உட்காருவதற்கு முன் மேஜையைத் துடைத்து, பேனாக்களைச் சோதித்து, நாற்காலியைச் சரிசெய்து, களைத்துப்போய்த் தூங்கப்போனது யார்? இந்தப் புத்தகத்தை மூடியதும் அலமாரியில் அதை உயரப்படி வைப்பதா, நிறப்படி வைப்பதா என்று இப்போதே மனம் கணக்குப் போடுகிறதே, அது யாருடைய மனம்? பயப்படாதீர்கள், வெளியே சொல்லமாட்டேன். உங்களுக்கு இன்னும் வேன் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.